ஏற்காட்டு வீட்டுக்குப் புது ஜன்னல்: கீல், ஸ்டே, பூட்டு விஷயத்தில் என்ன கேட்டு வாங்குவது?

நாகலூர்வீடு எழுதியது:

வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் போகும் வழியில் என் மாமனார் கட்டிய வீடு இருக்கிறது. இப்போது அங்கே அத்தை மட்டும் இருக்கிறார். நாங்கள் சேலம் அழகாபுரத்தில் இருக்கிறோம், வாரக் கடைசியில் மலைக்குப் போய் வருவோம். வீட்டு ஜன்னல்கள் எல்லாமே மரம். ஐப்பசி, கார்த்திகையில் கதவு உப்பிக்கொண்டு நிலையில் உட்காராது. அதே கதவைப் பங்குனியில் பார்த்தால் நிலைக்கும் அதற்கும் நடுவே விரல் நுழைகிற சந்து. தாழ்ப்பாள்கள் இரும்பு. துருவேறிப் போனதால் அத்தை ஒரு கல்லை வைத்துத் தட்டித்தான் இறக்குகிறார். மேற்குப் பார்த்த அறையில் சாரல் அடித்தால் ஜன்னலுக்குக் கீழே சுவர் ஊறி பெயின்ட் உரிந்து வருகிறது.

மாற்றிவிடலாம் என்று சேலத்தில் இரண்டு பேரிடம் விலை கேட்டோம். ஒருவர் யூபிவிசி என்கிற கெட்டி பிளாஸ்டிக், இன்னொருவர் பவுடர் கோட்டிங் செய்த அலுமினியம். இருவருமே சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு வரி எழுதி, கீழே "ஹார்டுவேர் உட்பட" என்று முடித்துவிட்டார்கள். அது என்ன ஹார்டுவேர் என்று கேட்டால் "எல்லாம் நல்ல கம்பெனி ஐட்டம்தான் மேடம்" என்கிறார்கள். செக்ஷனை, அதாவது சட்டம் செய்கிற குழாயைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிறவர்கள் கீலைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள்.

ஃப்ரிக்ஷன் ஸ்டே என்கிறார்களே, அது கீலுக்குப் பதிலாகவா, கீலோடு சேர்த்தா? ஒரு ஜன்னலுக்குப் பூட்டு எத்தனை இடத்தில் பிடிக்க வேண்டும்? எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்று சொன்னால் அதில் தரம் எப்படிப் பார்ப்பது? இவற்றைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இன்னும் மூன்று விஷயம் சொல்லிவிடுகிறேன். அத்தைக்கு மூட்டுவாதம், இறுக்கமான கைப்பிடியைத் திருப்ப முடியாது. ஜன்னல்களில் உள்பக்கம் கம்பி இருக்கிறது, கதவு வெளியே திறக்கும். அப்புறம் குரங்கு. ஏற்காட்டில் வீடு வைத்திருப்பவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

---

ஃபேர்லேண்ட்ஸ்காரர் எழுதியது:

ஸ்லைடிங் போட்டுவிடுங்கள் மேடம். எங்கள் அபார்ட்மென்டில் எல்லாமே ஸ்லைடிங்தான். காற்றில் அடித்துக்கொள்ளாது, இடமும் பிடிக்காது, கொசுவலையும் ஒரு டிராக்கில் ஓடிவிடும். கீல், ஸ்டே என்று எந்தக் கவலையும் இல்லை. கீழே ரோலர் மட்டும் நல்லதாகப் போடச் சொல்லுங்கள். எங்களுக்கு முதலில் வந்த நைலான் ரோலர் தேய்ந்து கதவு உரச ஆரம்பித்தது. பேரிங் வைத்த இரட்டைச் சக்கர ரோலர் மாற்றிய பிறகு ஒரு விரலால் தள்ளினால் போகிறது. வயதானவர்களுக்கு அதுதான் வசதி.

---

கொண்டலாம்பட்டி_ஃபேப்ரிகேட்டர் எழுதியது:

வணக்கம் அம்மா. சேலத்தில் அலுமினியம், யூபிவிசி ஜன்னல் வேலை செய்கிறவன் நான். மலைக்கும் வேலைக்குப் போகிறேன். நீங்கள் கேட்ட கேள்வியை எல்லோரும் கேட்டால் எங்கள் தொழிலே நன்றாக இருக்கும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜன்னலில் செக்ஷனும் கண்ணாடியும் அசையாமல் இருக்கிறவை. தினமும் அசைகிறது கீல், ஸ்டே, ரோலர், பூட்டு இவைதான். முதலில் பழுதாகிறதும் இவைதான். ஆனால் விலைப் பட்டியலில் இவற்றுக்கு ஒரு வரி கூட இல்லை. சதுர அடி விலையில் போட்டி வரும்போது செக்ஷனைக் குறைத்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதனால் குறைக்கிறவர்கள் ஹார்டுவேரில்தான் குறைப்பார்கள். உங்களிடம் பேச்சை மாற்றியவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. எதைப் போடப் போகிறோம் என்று அவர்களே இன்னும் முடிவு செய்திருக்க மாட்டார்கள்.

முதலில் ஸ்லைடிங் பற்றி. மேலே எழுதிய சார் சொன்னது சேலத்துக்குச் சரி. மலைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஸ்லைடிங் கதவு ஓடவேண்டும் என்றால் சுற்றிலும் கொஞ்சம் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியை மூடுவது பிரஷ் மாதிரி இருக்கிற ஊல் பைல் மட்டும்தான். அது தூசியைத் தடுக்கும், காற்றோடு வரும் சாரலை முழுதாகத் தடுக்காது. திறந்து மூடும் ஜன்னலில், நாங்கள் ஓப்பனபிள் என்போம், கதவு ரப்பர் காஸ்கெட்டின் மேல் அழுந்தி மூடும். மேற்குச் சுவரில் தென்மேற்குப் பருவக் காற்று நேராக அடிக்கிற வீட்டுக்கு அந்த அழுத்தம் அவசியம். பனிமூட்டம் வீட்டுக்குள் புகுந்து துணியெல்லாம் ஈரமாகிற தொல்லையும் அதில் குறையும். இன்னொன்று, பூட்டாத ஸ்லைடிங் கதவைக் குரங்கு சாதாரணமாகத் தள்ளித் திறந்துவிடும்.

இனி ஃப்ரிக்ஷன் ஸ்டே. கீலுக்குப் பதிலாக வருவதுதான் அது, கீலோடு சேர்த்து இல்லை. கதவின் மேல் விளிம்பில் ஒன்று, கீழ் விளிம்பில் ஒன்று என்று ஜோடியாக வரும். ஒரு எஸ்எஸ் பட்டைத் தடத்தில் சின்ன ஷூ ஒன்று ஓடும். அந்த ஷூவின் உராய்வுதான் கதவை விட்ட இடத்தில் நிறுத்துகிறது. உங்கள் பழைய ஜன்னலில் கொக்கி செய்த வேலையையும் கீல் செய்த வேலையையும் இது ஒன்றே செய்கிறது. ஷூவில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். அதை முடுக்கினால் கதவு இறுகும், தளர்த்தினால் லேசாகும். அத்தைக்கு எந்த அளவு தோதோ அந்த அளவுக்கு வைத்துக்கொள்ளலாம். இன்னொரு வசதி, கதவு திறக்கும்போது கீல் பக்கம் நிலையை விட்டுக் கொஞ்சம் நகர்ந்து வரும். அந்தச் சந்து வழியாகக் கையை விட்டு வெளிக் கண்ணாடியைத் துடைக்கலாம்.

இதன் நீளம்தான் முக்கியம். 8 அங்குலத்தில் இருந்து 24 அங்குலம் வரை வருகிறது. பக்கவாட்டில் திறக்கும் கதவுக்கு, கதவு அகலத்தில் பாதிக்குக் குறையாமல் ஸ்டே இருக்க வேண்டும் என்பது எங்கள் பட்டறைக் கணக்கு. 2 அடி அகலக் கதவு என்றால் 12 அங்குலம், கனமான கண்ணாடி என்றால் 14. சில பேர் 2 அடிக் கதவுக்கு 8 அங்குல ஸ்டே மாட்டிவிடுவார்கள். வேலை முடிந்த அன்று அதுவும் அழகாகத்தான் திறக்கும். போகப் போகக் கதவின் பூட்டுப் பக்கம் தொங்கி, கீழே நிலையில் இடிக்கும்.

நீளத்தோடு எடையும் பார்க்க வேண்டும். கண்ணாடி எடைக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: 1 சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மி.மீ. தடிமனுக்கும் 2.5 கிலோ. 5 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 12.5 கிலோ. 2 அடிக்கு 4 அடி கதவு முக்கால் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஆகக் கண்ணாடி மட்டும் 9 கிலோவைத் தாண்டுகிறது. இரட்டைக் கண்ணாடி போட்டால் 18 கிலோவுக்கு மேல். சட்டத்தின் எடை தனி. தரமான ஸ்டே என்றால் அது எத்தனை கிலோ தாங்கும், கதவு எந்த அளவு வரை போகலாம் என்பது பெட்டியிலோ கேட்லாகிலோ அச்சாகி இருக்கும். அதைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட எதுவும் இல்லை என்றால் அந்த ஐட்டம் வேண்டாம். கதவு இரண்டரை அடி அகலத்துக்குப் போனால் நான் ஸ்டேயே போட மாட்டேன். கீல் போட்டு, தனியாக ஒரு நிறுத்துக் கம்பி கொடுப்பேன்.

பூட்டுக்கு வருகிறேன். சாதாரணமாக நடுவில் ஒரு கைப்பிடி, அதன் மூக்கு நிலையில் மாட்டிக்கொள்ளும். 2 அடி உயரக் கதவுக்கு அது போதும். 4 அடி உயரக் கதவை நடுவில் மட்டும் பிடித்தால் மேல் மூலையும் கீழ் மூலையும் காஸ்கெட்டை விட்டு விலகி நிற்கும். வெளியே நின்று பார்த்தால் மூடின மாதிரிதான் இருக்கும். மழை வந்தால் அந்த மூலைகள் வழியாகத்தான் தண்ணீர் வரும். உயரக் கதவுக்கு மல்டி பாயின்ட் லாக் கேளுங்கள். கதவு விளிம்புக்குள் ஒரு நீளத் தகடு ஓடும். கைப்பிடியைத் திருப்பினால் அந்தத் தகட்டில் இருக்கும் உருளைக் குமிழ்கள் நிலையில் உள்ள கீப்பர் என்கிற பிடிப்புத் தகட்டுக்குள் நுழைந்து கதவை உள்ளே இழுக்கும். 4 அடிக்கு 3 இடத்தில் பிடித்தால் நல்லது. அந்தக் குமிழ்களில் பல, மையம் விலகினவை. ஆலன் கீயால் திருப்பி அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். அத்தைக்கு ஒரு பெரிய உதவி இதில்தான் இருக்கிறது. குமிழை ஒரு படி தளர்த்தினால் கைப்பிடி லேசாகத் திரும்பும். கைப்பிடியும் நீளமானதாக வாங்குங்கள். நீளம் கூடக் கூட மணிக்கட்டுக்கு வேலை குறையும்.

இப்போது உங்கள் கம்பி விவகாரம். சேலத்தில் பாதி சண்டை இதனால்தான் வருகிறது. கதவு வெளியே திறக்கிறது, கம்பி உள்ளே இருக்கிறது. கைப்பிடி கதவில் இருக்கும், அதைக் கம்பிக்கு நடுவே கையை விட்டுத் திருப்ப வேண்டும். கைப்பிடி இரண்டு அங்குலம் வரை துருத்தி நிற்கும். கம்பி கதவுக்கு ஒட்டி இருந்தால் கைப்பிடி சுற்றாது. ஆர்டர் கொடுக்கும் முன் கம்பிக்கும் கதவுக்கும் உள்ள இடைவெளியை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். அடுத்தது, முழுதாகத் திறந்த கதவை இழுத்து மூட, கதவு அகலம் அளவுக்குக் கை வெளியே போக வேண்டும். 2 அடிக் கதவு 90 பாகை திறந்து நின்றால் அத்தையின் கை எட்டாது. கதவை ஒன்றரை அடிக்குள் வைத்து இரட்டைக் கதவாகப் போடலாம். அல்லது பாதி திறந்ததும் நிறுத்துகிற ரெஸ்ட்ரிக்டர் ஒன்று வைக்கலாம். 4 அங்குலத்தில் நிறுத்துகிற ரெஸ்ட்ரிக்டரும் இருக்கிறது. காற்று வரும், குரங்கு வராது.

மேற்கு அறைக்கு நானாக இருந்தால் கீழே ஃபிக்ஸட் கண்ணாடி, மேலே ஒன்றரை அடி உயரத்துக்கு டாப் ஹங் கதவு போடுவேன். மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அடிப்பக்கம் வெளியே போகும். தூறலில் கொஞ்சம் திறந்து வைத்தாலும் தண்ணீர் கண்ணாடியில் சரிந்து வெளியே விழும். கைப்பிடி கதவின் அடியில் இருப்பதால் அத்தை எட்டுகிற உயரத்துக்கு அது வருமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கும் ஸ்டேதான், ஆனால் இடம், வலம் இரண்டு பக்கத்தில் வரும். டாப் ஹங் ஸ்டேயும் பக்கவாட்டு ஸ்டேயும் ஒன்று இல்லை. கடைக்காரர் "இதுவும் அதுவும் ஒண்ணுதான்" என்றால் நம்பாதீர்கள்.

கொசுவலை போடுவதானால் ஃபைபர் வலை வேண்டாம், குரங்கு ஒரு கிழி கிழித்துவிடும். எஸ்எஸ் கம்பி வலை கேளுங்கள்.

---

நாகலூர்வீடு எழுதியது:

அண்ணா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. டேப்பை எடுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் அளந்துவிட்டேன். கம்பிக்கும் கதவுக்கும் நடுவே கூடத்தில் மூன்று அங்குலம் இருக்கிறது, படுக்கையறையில் ஒன்றரைதான்.

அளக்கும்போது ஒன்று கவனித்தேன். கூடத்து ஜன்னல்களில் நிலை கெட்டியாக இருக்கிறது, ஸ்க்ரூடிரைவர் நுனியால் குத்தினால் இறங்கவில்லை. மேற்கு அறையில் மட்டும் நிலையின் அடிச்சட்டம் மெத்தென்று இருக்கிறது, நுனி உள்ளே போகிறது. கம்பிகள் நிலைக்குள் துளைத்துச் செருகியவை. நிலையைப் பிடுங்கினால் கம்பியும் போய்விடும், சுவரும் பெயரும். கூடத்து ஜன்னல்களையும் மாற்றித்தான் ஆக வேண்டுமா?

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடையில் ஸ்டே காட்டினார்கள். காந்தத்தை வைத்து "ஒட்டவில்லை பாருங்கள், 304" என்றார் கடைக்காரர். 304 என்பது எஸ்எஸ் தரத்தின் எண்ணாம். அது சரியான சோதனையா?

---

அயோத்தியாப்பட்டணம்_தச்சர் எழுதியது:

அம்மா, கூடத்து ஜன்னலைப் பிடுங்க வேண்டாம். குத்தினால் இறங்காத நிலையை எடுத்துப் போடுவதற்கு எனக்கு மனசு வரவில்லை. அந்தக் காலத்து நிலையைச் சுவருக்குள் ஹோல்டுஃபாஸ்ட் என்கிற இரும்புப் பிடிப்பு வைத்துப் பூசியிருப்பார்கள். பெயர்த்தால் பக்கத்துக்கு அரை அடி பூச்சு கூடவே வரும். அதை விட்டுவிட்டு நிலைக்கு உள்ளேயே யூபிவிசி சட்டம் வைத்துத் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். செய்யலாம்தான், ஆனால் நான்கு பக்கமும் இரண்டு அங்குலத்துக்கு மேல் வெளிச்சம் குறைந்து போகும்.

உங்கள் கூடத்து ஜன்னலில் கெட்டிருப்பது கீலும் தாழ்ப்பாளும்தான் என்று படுகிறது. கீல் ஸ்க்ரூ தளர்ந்தால் கதவு தொங்கும். தொங்கின கதவு மழையில் உப்பும்போது கீழே போய் இடிக்கும். ஆட்கள் உடனே இழைப்புளியை எடுத்துச் சீவிவிடுவார்கள். மழைக்காலத்தில் சீவின கதவுக்குக் கோடையில் சந்து விழத்தான் செய்யும். நீங்கள் பங்குனியில் பார்க்கிற சந்து அப்படி வந்ததாகத்தான் இருக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். மாசி, பங்குனியில் மரம் காய்ந்திருக்கும்போது கதவைக் கழற்றுங்கள். பழைய ஸ்க்ரூ ஓட்டையில் புது ஸ்க்ரூ போட்டால் நிற்காது. ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாகத் துளைத்து, தேக்கு முளையில் ஃபெவிகால் தடவி அடித்து, ஒரு நாள் காயவிட்டு, அதற்கு மேல் புதிதாகத் துளை போட வேண்டும். தீக்குச்சியைச் செருகி ஸ்க்ரூ போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது ஒரு மழைக்காலம் தாங்கும், அடுத்ததற்குத் தாங்காது. கீல் எஸ்எஸ் அல்லது பித்தளை. 4 அடி உயரக் கதவு என்றால் இரண்டு கீல் போதாது, மூன்று வேண்டும். பித்தளைக் கீலுக்குப் பித்தளை ஸ்க்ரூ போடும்போது ஒரு பக்குவம் உண்டு. பித்தளை மெத்தென்றது, கெட்டி மரத்தில் நேராக முடுக்கினால் தலை திருகி வந்துவிடும். முதலில் அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முடுக்கிக் கழற்றிவிட்டு, அந்தத் தடத்தில் பித்தளையைப் போட வேண்டும். கொஞ்சம் மெழுகு தடவினால் இன்னும் சுலபமாக இறங்கும்.

இரும்பு ஸ்க்ரூவை அப்படியே விட்டுவிடாதீர்கள். ஈரத்தில் இரும்பும் மரமும் சேர்ந்தால் சுற்றிலும் கறுப்பாகிவிடும், மரமும் அந்த இடத்தில் பொடியும்.

பெயின்ட் அடிக்கும்போது கதவின் அடிவிளிம்பையும் மேல் விளிம்பையும் அடிக்கச் சொல்லுங்கள். கதவு மாட்டியிருக்கும்போது பெயின்டர் பிரஷ் அங்கே போகாது, அதனால் பெரும்பாலும் பச்சை மரமாகவே இருக்கும். மரம் தண்ணீரை அதிகம் குடிப்பது வெட்டுமுகத்தில்தான். கதவின் இரண்டு பக்கத்துச் சட்டங்களும் அங்கேதான் முடிகின்றன. கழற்றி வைத்திருக்கும் அந்த ஒரு நாளில் விளிம்புகளுக்கு இரண்டு கோட்டிங் கொடுத்துவிட்டால் ஐப்பசி உப்பலில் பெரும்பகுதி நின்றுவிடும். சந்துக்கு, நிலையின் படியில் ஒட்டுகிற ரப்பர் பட்டை ஹார்டுவேர் கடையில் கிடைக்கிறது. கதவைச் சரியாகத் தூக்கி மாட்டிய பிறகு ஒட்டுங்கள், முன்னாடியே ஒட்டினால் பாதி இடத்தில் பிடிக்காது.

அத்தைக்குத் தாழ்ப்பாள் குனிந்து போடுவது கஷ்டம் என்றால் நீளக் கம்பி வைத்த எஸ்எஸ் டவர் போல்ட் இருக்கிறது. இடுப்பு உயரத்தில் குமிழ் வரும் மாதிரி வாங்குங்கள்.

---

கொண்டலாம்பட்டி_ஃபேப்ரிகேட்டர் எழுதியது:

தச்சர் அண்ணன் சொன்னதை நான் அப்படியே ஒத்துக்கொள்கிறேன். கூடத்தை அவர் சொன்ன மாதிரி செய்யுங்கள். எனக்கு ஆர்டர் குறைந்தாலும் அதுதான் சரி. மெத்தென்று போன மேற்கு அறையும், ஒழுகுகிற மற்ற ஜன்னல்களும் புதிதாகப் போடலாம்.

காந்தச் சோதனை பாதி உண்மை. 202, 304 இரண்டுமே காந்தத்தில் ஒட்டாத வகை. ஆகக் காந்தம் ஒட்டாததால் அது 304 என்று சொல்ல முடியாது. 430 மாதிரி நிக்கல் இல்லாத வகையைத்தான் காந்தம் காட்டிக் கொடுக்கும். 304 என்றால் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 202-இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள், விலையும் குறையும், ஈரத்தைத் தாங்குவதும் குறையும். இரும்புக் கடைகளில் சோதனைத் திரவம் என்று ஒரு சின்ன பாட்டில் வைத்திருப்பார்கள். ஒரு சொட்டு விட்டால் இரண்டுக்கும் நிறம் வேறுபடும். ஸ்டெயின்லெஸ் செய்கிற உருக்காலை இருக்கிற ஊர் நம்முடையது, இந்தச் சோதனையைக் கேட்டால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். 316 வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம். அது கடல் உப்புக்காக மாலிப்டினம் சேர்த்தது. ஏற்காட்டில் ஈரம் உண்டு, உப்புக் காற்று இல்லை. அந்தப் பணத்தைப் பூட்டில் போடுங்கள்.

ஸ்டே 304 ஆக இருந்து ஸ்க்ரூ சாதா இரும்பாக இருப்பது நான் அடிக்கடி பார்க்கிற அநியாயம். அலுமினியத்தோடு இரும்பு ஸ்க்ரூ ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும், ஓட்டை பெரிதாகி ஸ்க்ரூ கழன்று வரும். ஸ்க்ரூவையும் எஸ்எஸ் என்று எழுதி வாங்குங்கள். யூபிவிசி என்றால் இன்னொரு கேள்வி: உள்ளே ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் எந்தெந்தச் சட்டத்தில் வருகிறது, ஸ்டே ஸ்க்ரூ அதில் கடிக்கிறதா? வெறும் பிளாஸ்டிக்கில் கடித்த ஸ்க்ரூ கனத்தைத் தாங்காது.

விலைத்தாளில் இப்படி எழுதச் சொல்லுங்கள்: ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஸ்டேயின் கம்பெனி, மாடல், நீளம், தரம்; பூட்டு எத்தனை பாயின்ட்; கைப்பிடி; காஸ்கெட் ஈபிடிஎம் ரப்பரா. சாதா பிவிசி காஸ்கெட் வெயிலில் விறைத்துச் சுருங்கும், மூலையில் சந்து விடும். இதை எழுதித் தர மறுக்கிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

மாட்டும் நாளில் நீங்கள் யாராவது பக்கத்தில் இருங்கள். நிலையைச் சுவரில் பிடிக்கும் ஃபாஸ்டனர் மூலையில் இருந்து ஆறு அங்குலத்திலும், அதன் பிறகு இரண்டு அடிக்கு மிகாமலும் வர வேண்டும். சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே சீலன்ட் வைக்கும்போது வினிகர் வாசனை வந்தால் நிறுத்துங்கள். அது கண்ணாடித் தொட்டிக்கு ஆகும், சிமென்ட்டில் ஒட்டாது, உலோகத்தையும் அரிக்கும். வெளிச்சுவருக்கு நியூட்ரல் வகை வெதர் சிலிக்கான். சட்டத்தின் அடியில் தண்ணீர் வடிய நீளத் துளைகள் இருக்கும், பூச்சு வேலைக்காரர் அவற்றைச் சிமென்ட் வைத்து அடைத்துவிடாமல் பாருங்கள். மேற்கு அறையின் சுவர் ஊறல் ஜன்னலால் மட்டும் வந்ததாகவும் இருக்காது. ஜன்னல் திண்டு வெளிப்பக்கம் சரிந்திருக்கிறதா, சன்ஷேடின் அடியில் தண்ணீர் சொட்டக் காடி இருக்கிறதா என்று ஒரு மழையில் நின்று பாருங்கள். திண்டு உள்பக்கம் சரிந்திருந்தால் எந்த ஊர் ஜன்னல் போட்டாலும் சுவர் ஊறும். அதைப் புது ஜன்னலுக்கு முன் சரி செய்துவிட வேண்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். வேலை முடிந்ததும் தரையைக் கழுவ டைல்ஸ் ஆசிட் ஊற்றுவார்கள். அந்தப் புகையே எஸ்எஸ்-ஐப் பழுப்பாக்கிவிடும், 304 ஆக இருந்தாலும். பிறகு "டூப்ளிகேட் போட்டுவிட்டான்" என்று எங்களைத் திட்டுவார்கள். ஆசிட் வேலை இருந்தால் அதை முடித்து, நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகு ஜன்னலை மாட்டச் சொல்லுங்கள்.

பாக்கிப் பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை. கதவுக்கும் காஸ்கெட்டுக்கும் நடுவே ஒரு தாள் துண்டை வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். நான்கு மூலையிலும் நடுவிலும் பாருங்கள். தாள் சுலபமாக வந்தால் அந்த இடத்தில் கீப்பரை நகர்த்த வேண்டும். ஆட்கள் கருவிப் பெட்டியோடு நிற்கும்போது பத்து நிமிட வேலை அது. அவர்கள் மலை இறங்கிவிட்டால் அதற்காக மறுபடி 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வர மாட்டார்கள்.

---

நாகலூர்வீடு எழுதியது:

மழையில் நின்று பார்த்தேன் அண்ணா. நீங்கள் சொன்னதுதான், திண்டு உள்பக்கம்தான் சரிந்திருக்கிறது. கொத்தனாரிடம் பேசியாகிவிட்டது. கூடத்துக்குத் தச்சர், மேற்கு அறைக்கும் படுக்கையறைகளுக்கும் யூபிவிசி என்று முடிவு செய்திருக்கிறோம். விலைத்தாளை நீங்கள் சொன்னபடி திருப்பிக் கேட்டேன். ஒருவர் எழுதித் தந்தார், இன்னொருவர் இன்னும் போன் செய்யவில்லை.

மலையில் பிறகு பழுது வந்தால் என்ன செய்வது என்பதுதான் மிச்சம் இருக்கிற கவலை. இப்போதே ஏதாவது வாங்கி வைத்துக்கொள்ள வேண்டுமா? எண்ணெய் விட வேண்டுமா?

---

கொண்டலாம்பட்டி_ஃபேப்ரிகேட்டர் எழுதியது:

ஸ்டேயில் ஒரு ஜோடி, கைப்பிடி ஒன்று, கீப்பர் இரண்டு, அதே மாடலில் இப்போதே வாங்கி ஒரு டப்பாவில் போட்டு, விலைத்தாள் நகலோடு அத்தை வீட்டு அலமாரியில் வையுங்கள். ஹார்டுவேர் யூரோ க்ரூவ் வகைதானா என்று எழுதித் தந்தவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். அது பல கம்பெனிக்குப் பொதுவான அளவு, ஒரு கம்பெனி கடையை மூடினாலும் வேறொன்று பொருந்தும்.

ஸ்டேயின் ஷூவில் எண்ணெய் விடாதீர்கள். உராய்வு போய்க் கதவு காற்றில் அடிக்கும். தடத்தில் சேருகிற தூசியைப் பழைய டூத் பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும். பூட்டுத் தகட்டுக்கு மட்டும் வருஷத்துக்கு ஒரு முறை, பருவமழைக்கு முன்னால் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. கதவு லேசாக ஆட ஆரம்பித்தால் ஷூ ஸ்க்ரூவைக் கால் சுற்று முடுக்குங்கள், மேலே எவ்வளவோ கீழேயும் அவ்வளவு. ஒன்றை மட்டும் முடுக்கினால் கதவு கோணும்.